வனப்பெழுத்துருக்கள்: மரபுகளும் அளவுகோல்களும்

கையால் எழுதியது போன்ற சாய்வும் சுழியும் தடிப்பும் மெலிவும் அமைய அச்சுக்கென வரையப்படுவது வனப்பெழுத்துரு. இலத்தீன் எழுத்தில் இதற்கு மூன்று மரபுகளைப் பிரித்துக் காணலாம்.

முதலாவது இத்தாலிய மரபு. மறுமலர்ச்சிக் கால எழுத்தர்கள் அகலநுனி இறகால் எழுதிய கையெழுத்தே இதன் ஊற்று. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸின் அச்சகத்துக்காகப் பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்து இதிலிருந்து பிறந்தது. ஹெர்மன் சாப்ஃப் வரைந்த சாப்ஃப் சான்சரி (1979) இதே வழியில் வந்தது. எழுத்துகள் பெரும்பாலும் தனித்து நிற்பதால் ஒரு பத்தி வரை சிரமமின்றிப் படிக்கலாம்.

இரண்டாவது ஆங்கிலச் செப்புத்தகட்டு மரபு. கூர்நுனி இறகை அழுத்திக் கீழே இழுத்தால் கோடு தடிக்கும். அழுத்தாமல் மேலேற்றினால் இழையாகும். ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் வெளியிட்ட செதுக்கேடுகள் இக்கையின் களஞ்சியம். ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் தன் கட்டைக்குள் அடங்க வேண்டியிருந்ததால் இணைப்புகள் எளிதில் கைகூடவில்லை. ஒளியச்சுக்கோப்பு அந்தத் தடையை நீக்கியதும், மேத்யூ கார்ட்டர் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டை (1966) வரைந்தார்.

மூன்றாவது விரைவெழுத்து மரபு. ரோஜர் எக்ஸ்கோஃபோனின் மிஸ்ட்ரல் (1953) அன்றாடக் கையெழுத்தின் வேகத்தை அப்படியே ஈயத்தில் வார்த்தது. கடைப்பலகைக்கும் விளம்பரத்துக்கும் இது பொருந்தும்.

ஓர் எழுத்துருவின் தரத்தை அகரவரிசை மாதிரியைப் பார்த்து முடிவுசெய்ய இயலாது. ஊர்ப்பெயர்களை எழுதிப் பார்க்க வேண்டும். டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரை எடுத்துக்கொள்ளலாம். அதன் பெயரில் பெரிய 'ஆர்' எழுத்தின் கால் அடுத்த எழுத்தோடு இயல்பாகச் சேர்கிறதா என்பது முதல் சோதனை. அந்நகர் வழியே ஓடும் குடெனோ, டென்மார்க்கின் மிக நீளமான ஆறு. அப்பெயரின் இறுதி எழுத்து, தலையில் சிறு வளையம் தாங்கிய 'ஏ'. வளையம் எழுத்தின் சாய்வோடு சற்று வலப்புறம் நகர வேண்டும். மெலிந்தால் சிறிய அச்சில் மறையும், தடித்தால் மைப்பொட்டாகும். குறுக்குக்கோடு பெற்ற டேனிஷ் 'ஓ' இன்னும் கடினம். எழுத்தும் கோடும் ஒரே பக்கம் சாய்வதால், கோடு கூடுதலாகச் சாயாவிட்டால் உள்வெளி அடைந்துவிடும்.

டென்மார்க்கின் 1948 எழுத்துச் சீர்திருத்தம் இரட்டை 'ஏ'க்குப் பதிலாக வளைய எழுத்தைக் கொண்டுவந்தது. பொதுப்பெயர்களைப் பெரிய எழுத்தில் தொடங்கும் வழக்கத்தையும் நீக்கியது. அதனால் ஒரு வரியில் சுழிகள் குறைந்தன. எஞ்சியவற்றுக்கு இடம் கிடைத்தது. ரண்டர்ஸுக்குத் தெற்கேயுள்ள ஓர்ஹுஸ் நகரம் 2011இல் தன் பெயரில் பழைய இரட்டை 'ஏ'யை மீட்டுக்கொண்டது. ஆகவே டேனிஷ் எழுத்துருவில் இரு வடிவங்களும் செம்மையாக அமைந்திருக்க வேண்டும்.

திருமண அழைப்பிதழ், பட்டயம், விருந்துப் பட்டியல், புட்டியின் சீட்டு ஆகியவை வனப்பெழுத்துருவுக்குரிய இடங்கள். சொல் முழுவதையும் பெரிய எழுத்தில் கோத்தால் சுழிகள் மோதிப் படிக்க முடியாமல் போகும். எழுத்திடை வெளியைக் கூட்டினால் இணைப்பு அறும். சொரசொரப்பான தாளில் இழைக்கோடு முறியும். பெயர்களை வனப்பெழுத்திலும், நாள், நேரம், முகவரியை எளிய எழுத்திலும் அமைப்பதே நல்ல அச்சு வழக்கம்.