முல்லைப்பாட்டிற் பாசறை

பத்துப்பாட்டுள் அளவிற் சிறியது முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய இதன் அடிகள் 103. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டன தலைவன் தங்கிய பாசறையையே கூறுகின்றன. பிரிந்தோள் இல்லிருத்தலைப் பொருளாகக் கொண்ட பாட்டிற் படைவீட்டின் செய்தி இத்துணை விரிதல் தகுமோவென்பது ஆராயற்பாலது.

முகிலுக்குத் திருமாலை உவமித்துத் தொடங்குகின்றது பாட்டு. முல்லைத்தெய்வம் மாயோனாகலின் அவ்வுவமை திணைக்கு இயைந்ததே. (திருமுதுகுன்றத்தை அடுத்த ஸ்ரீமுஷ்ணமாகிய திருமுட்டத்தில் ஏனவுருவிற் கோயில் கொண்டானும் அவனே, ஈண்டுப் பேசப்படுவதோ மாவலிபால் நீரேற்று நிமிர்ந்த கோலம்.) அம்மழைமாலையில் முதுபெண்டிர் நெல்லும் முல்லையுந் தூவி விரிச்சி கேட்கின்றனர். குளிரால் நடுங்குந் தோளிற் கைகட்டி நின்ற ஆய்மகளொருத்தி, தாயைக் காணாது சுழலுங் கன்றினைத் தேற்றுஞ் சொல்லே நற்சொல்லாகின்றது.

இனிப் பாசறை. புதர்களை வெட்டி, முள்வேலியிட்டமைத்த இருப்பு அது. கரும்பையும் நெற்கதிரையும் உண்ணாது அவற்றால் முகந்துடைக்கும் யானையை, யானைப்பேச்சான வடசொற் பயின்ற இளைஞர் கவைமுட்கருவியாற் குத்திக் கவளம் ஊட்டுகின்றனர். நீர்க்கன்னல் கொண்டு பொழுதறிந்து உரைப்பாரும், தூக்கமயக்கொடு காவல் சுற்றும் முதியரும், சட்டையிட்ட யவனரும், கைக்குறிப்பாற் பேசும் மிலேச்சரும் அங்குளர். குறுவாள் செறித்த கச்சினராய் விளக்கேற்றும் மங்கையரும் உளர். பாசறையிற் பெண்ணொடு புணர்தலைத் தொல்காப்பியர் கற்பியலில் விலக்கினாராகலின், இவரைப் பணிமகளிரென்றே கொள்க.

அரசன் துயிலவில்லை. தும்பிக்கை துணிபட்ட யானையையும், செஞ்சோற்றுக்கடன் கழித்து மாய்ந்த மறவரையும், அம்பு மூழ்கிச் செவிசாய்த்து உண்ணாதிருக்குங் குதிரையையும் எண்ணுகின்றான். துயிலாமைக்குக் காரணம் போர்வேட்கையெனப் புலவரே கூறினர். தலைவியைக் குறித்து ஒரு சொல்லுமில்லை. ஆகவே அவன் அன்பிலனென்பாருளராயின், அவர் பின்வரும் பகுதியை ஊன்றி நோக்கினாரல்லர். அரண்மனையில் நடுங்கும் அரசிக்கு உவமை யாது? அம்பு தைத்த மயில். அவன் நெஞ்சிற் குதிரைமேற் பாய்ந்த அம்பே இவள்பால் உவமையாய்ப் பாய்கின்றது. உண்ணா யானை, உண்ணாக் குதிரை, தாய்காணாக் கன்று, தலைவனைக் காணாத் தலைவி என ஒரு துயரே இடந்தொறும் வடிவு மாறி வருதலின், பாசறைப் பகுதி பாட்டின் புறத்ததன்று.

நச்சினார்க்கினியர் அடிகளைப் பலவிடத்தும் பிரித்து மாட்டிப் பொருளுரைத்தார். 1903-இல் வெளிவந்த ஆராய்ச்சியுரையில் மறைமலையடிகள் அதனை மறுத்தது சாலவும் பொருந்தும். பாசறை முடிந்தவுடன் 'காணாள்' என்னுஞ் சொல் வந்து நிற்கும் வைப்புமுறையிலன்றோ இருவர் பிரிவும் புலனாகின்றது! சொற்களைப் பெயர்த்துவிடின் அவ்வழகு கெடும். உரைகாரர்தம் இலக்கணப்புலமை வேறு, பாட்டின் நடையுணர்தல் வேறு.

நெடுநல்வாடையிலும் பாசறையரசன் துயிலான். நள்ளிரவிற் புண்பட்ட வீரரைக் கண்டு வருகின்றான். ஆயின் வேலில் வேம்பு கட்டியமை கூறப்பட்டதனால் அப்பாட்டுப் புறமாயிற்று என்பர். நப்பூதனார் தம் தலைவனுக்குப் பெயருஞ் சூட்டிலர், குடிப்பூவுஞ் சூட்டிலர். இருவரும் எதிர்ப்பட்டதையும் அவர் பாடவில்லை. கூரையினின்று வீழும் மழைநீரின் ஒலியைக் கேட்டுக் கிடந்தவளது செவி நிறையத் தேர்க்குதிரைகள் ஆரவாரிக்கின்றன. பாட்டின் இறுதிச்சொல்லும் குதிரையே.