வரைந்தால் இசைக்கும் பலகை

இசைக்குறியீடு கல்லாதாரும் இசையமைத்தல் கூடும் என்பதை நாட்டியது, இயானிசு செனாக்கிசு பாரிசில் 1977இல் உருவாக்கிய யூப்பிக் என்னும் கணிப்பொறி. பலகையில் மின்கோலால் வரையும் கோடே இசையாகும். இடமிருந்து வலம் காலம், கீழிருந்து மேல் சுருதி. 1978இல் அவர் இயற்றிய மைசீனி ஆல்பா முழுதும் இப்பலகையில் பிறந்ததே. சிறுவரும் இதனைக் கையாண்டனர்.

ஆயினும் ஒரு குறை உண்டு. தொடக்கத்தில், வரைந்ததைப் பொறி கணித்து முடிக்கும்வரை காத்திருந்தே கேட்கவேண்டியிருந்தது. சிலேட்டில் எழுதும் பிள்ளை தன் பிழையை அக்கணமே காண்கிறது, ஆதலால் திருத்திக்கொள்கிறது. இசை பயில்வோனுக்கோ செவியே கண். உடனுக்குடன் கேட்கும் வசதி 1987ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வாய்த்தது. கைக்கு எளிமை முன்னே வந்தது. செவிக்கு எளிமை பத்தாண்டு பிந்தியது.

இன்று பள்ளிக்கு இசை மென்பொருள் தேர்வோர், மாணவன் தன் பிழையைத் தானே கேட்டுத் திருத்த எத்துணை நேரமாகிறது என்பதை முதற்கண் அளந்தறிதல் வேண்டும்.