பிரசங்கமும் கேட்பவரும்

பிரசங்கத்தை அச்சில் படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்வது, கச்சேரிக்குப் போகாமல் பாட்டுப் புஸ்தகத்தைப் பார்த்துப் பாடகரைக் குறை கூறுவது போலத்தான். லார்ஸ் லெவி லெஸ்டாடியஸ் விஷயத்தில் இது மிகவும் பொருந்தும்.

ஸ்வீடனின் வடகோடியில் காரெசுவாந்தோவில் 1826 முதல் லுத்தரன் பாதிரியாராக இருந்தவர் அவர், தாவர சாஸ்திரியும்கூட. 1844-ல் மில்லா என்ற சாமி இனப் பெண்ணைச் சந்தித்ததையே தம் வாழ்க்கையின் திருப்பமாகக் கருதினார். அதன் பிறகு சபை மெருகெல்லாம் போயிற்று. பின்னிஷிலும் சாமி மொழியிலும், கேட்பவர்கள் வீட்டில் பேசுகிற கொச்சையோடு, சாராயத்தையும் அதை விற்றவர்களையும் சாடினார். படிக்கும்போது முகம் சுளிக்க வைக்கும் இடங்கள் உண்டு. நல்ல நாவலாசிரியனுக்கு அந்தத் துணிச்சலில் பாதியாவது வேண்டும்.

அவர் வழி வந்த இயக்கத்தில் பிரசங்கி பெரும்பாலும் சாதாரண உழைப்பாளி. வேதத்தில் ஒரு பகுதியைப் படிப்பார். பிறகு குறிப்பு எதுவுமில்லாமல் பேசுவார். சொன்னதையே சொல்கிறாரே என்று வெளியார் கொட்டாவி விடலாம். உள்ளே இருப்பவருக்கோ அந்தப் பழகிய வார்த்தைகள்தான் வேண்டும். "இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்பது அவர்களுக்குச் செய்தியல்ல, காரியம். சொன்ன மாத்திரத்தில் நடந்துவிடுகிறது. பிரசங்கி மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அதைச் சொல்லலாம். வட நார்வேக் கூட்டங்களில் வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பாளர் நின்று சொல்லும் வழக்கமும் இருந்தது. இரண்டு பாஷையும் தெரிந்தவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் இருமுறை விழும்; நடுவே யோசிக்கக் கொஞ்சம் அவகாசமும் கிடைக்கும்.

ஆனால் அர்த்தத்தை முடிப்பவர் கேட்பவர் என்றால், அதில் பயமும் இருக்கிறது. 1852 நவம்பரில் நார்வேயின் கௌதோகெய்னோவில், இந்த எழுப்புதலால் உந்தப்பட்ட சாமி மக்களில் சிலர் சாராயம் விற்ற வியாபாரியையும் அரசாங்க அதிகாரியையும் கொன்றார்கள்; பாதிரியாரை அடித்தார்கள். 1854-ல் இருவருக்குத் தலை போயிற்று. லெஸ்டாடியஸ் அப்போது அங்கே இல்லை. பழி மட்டும் வந்து சேர்ந்தது. அதை முழுதாக அவர் தலையில் சுமத்த எனக்கு மனமில்லை. வறுமையும் கடனும் அந்நிய ஆட்சியும் அங்கே ஏற்கெனவே இருந்தன. ஆயினும், உருவகமாகச் சொன்ன கோபத்தைப் பசித்தவன் உருவகமாகக் கேட்பானா?

அவருடைய பிரசங்கங்களைச் சில பிரிவினர் இன்றும் கூட்டத்தில் உரக்கப் படிக்கிறார்கள். அந்தக் கோபமான இடங்களை எந்தக் குரலில் படிக்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.