மூன்றெழுத்தும் பல பொருளும்

சொல்லைச் சுருக்குதல் தமிழுக்குப் புதிதன்று. தஞ்சாவூர் தஞ்சை ஆயிற்று. கோயம்புத்தூர் கோவை ஆயிற்று. இலக்கண நூலார் இவற்றை மரூஉ என்றனர். மரூஉவில் மூலச் சொல்லின் சாயல் எஞ்சி நிற்கும். கேட்போர் அதனைக் கொண்டு முழுச் சொல்லை உணர்ந்துகொள்வர். ஆங்கிலத் தலைப்பெழுத்துகளைக் கோத்து ஆக்கும் சுருக்கங்கள் அத்தன்மையன அல்ல. ஒவ்வோர் எழுத்தும் எச்சொல்லுக்கு உரியது என்பதை ஆக்கியோர் சொன்னாலன்றிப் பிறர் அறியார். பொறியியலும் மருத்துவமும் தந்த இத்தகைய சுருக்கங்கள் இன்று தமிழ் நாளிதழ்களில் நிறைந்துள்ளன. அவற்றுள் ஒன்றை எடுத்து ஆராய்ந்தால், ஏனையவற்றை ஆள வேண்டிய நெறியும் விளங்கும்.

கோலாலம்பூரைச் சார்ந்த பங்சார் அவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான இடம். அவ்வூரின் பெயரே ஒரு சுருக்கம் என்பாரும் உளர். பங்கே, கிரிசார் என்னும் இருவர் பெயரைத் தாங்கிய இரப்பர்த் தோட்டத்தின் பெயர் குறுகிப் பங்சார் ஆயிற்று என்பது அவர்தம் விளக்கம். அவ்வூரில் 1998ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளில் ஓர் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்சில் உள்ள சென்ட்ரல் நிலையத்துக்கு அடுத்ததாக இன்று விளங்கும் அதனை மக்கள் 'எல்.ஆர்.டி.' நிலையம் என்றே அழைக்கின்றனர். மலாயில் அதன் விரிவு 'டிரான்சிட் அலிரான் ரிங்ஙான்'. தமிழில் 'இலகு இரயில்'.

'இலகு' என்பது எதனைக் குறிக்கும்? எடையைக் குறிக்கும் என்று கொள்வதே இயல்பு. ஆனால் அப்பெயர் பிறந்த கதை வேறு. அமெரிக்க நடுவணரசின் நகரப் போக்குவரத்துத் துறை 1972ஆம் ஆண்டளவில் இப்பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்தது. டிராம் வண்டியின் வழிவந்த, பெரிய இரயிலைவிடக் குறைந்த அளவு பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டிமுறைக்கு அதனைச் சூட்டினர். ஆகவே இலகு என்றது வண்டியின் எடையை நோக்கி அன்று, அது தாங்கும் பயணிகளின் அளவை நோக்கியே ஆகும்.

தமிழில் இச்சிக்கல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வடமொழியின் 'லகு' என்னும் சொல்லே, லகரம் தமிழில் மொழிமுதலாகாமையின், இகரம் பெற்று 'இலகு' ஆயிற்று. ஆயின், 'இலகுதல்' என்றால் ஒளிர்தல் என்று பொருள்படும் வினையும் தமிழில் உண்டு. இலக்கணம் பயிலும் மாணவன் ஒருவன் 'இலகு இரயில்' என்பதை வினைத்தொகையாகக் கொண்டு 'ஒளிரும் இரயில்' என்று பொருள் எழுதினால், அவனைத் தவறென்று தள்ளுதல் எளிதன்று. ஆங்கில மூலச் சொல்லும் ஒளி, பளுவின்மை என்னும் இரு பொருளையும் ஒருங்கே உடையது. பெயர்ப்பிலும் அவ்விரட்டைப் பொருள் தற்செயலாக வந்து அமைந்தது வியப்பே.

எழுத்து மூன்றும் மாறாதிருக்க, பொருள் ஊர்தோறும் மாறுகிறது. அமெரிக்காவில் எல்.ஆர்.டி. பெரும்பாலும் தெருவை ஒட்டி ஓடும் டிராமின் வழித்தோன்றல். சிங்கப்பூரில் 1999இல் புக்கிட் பாஞ்சாங்கில் தொடங்கியது, இரப்பர்ச் சக்கரங்களில் ஓடிப் பெரிய இரயிலுக்குப் பயணிகளைக் கொண்டு சேர்க்கும் சிறு வண்டி. கோலாலம்பூருக்குள்ளேயே ஒருமை இல்லை. 1996இல் தொடங்கிய அம்பாங் தடத்தில் ஓட்டுநர் வண்டியைச் செலுத்தினார். பங்சார் வழிச் செல்லும் தடத்திலோ வண்டி ஓட்டுநரின்றித் தானே இயங்குகிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றே.

அத்தடங்களை முதலில் நடத்திய நிறுவனங்களின் பெயர்களும் சுருக்கங்களே. 'ஸ்டார்' என்பது 'சிஸ்தெம் டிரான்சிட் அலிரான் ரிங்ஙான்' என்பதன் முதலெழுத்துகள். 'புத்ரா' என்பதனுள்ளும் 'டிரான்சிட் ரிங்ஙான்' அடங்கியுள்ளது. எனவே 'ஸ்டார் எல்.ஆர்.டி.' என்றபோது ஒரே பொருள் இரு மொழிகளில் இருமுறை கூறப்பட்டது. விண்மீனையும் மைந்தனையும் நினைவூட்டிய அப்பெயர்களுக்குள் இலகு இரயில் ஒளிந்திருந்ததைப் பயணிகளுள் எத்தனை பேர் உணர்ந்திருப்பர்? 2002இல் அரசு அவ்விரு தடங்களையும் ஏற்றது. பின்னர்ப் பெயர்களும் மறைந்தன.

இரயிலை விட்டு அகன்றால் பொருள் முற்றிலும் வேறாகிறது. 1984 முதல் 2000 வரை இலண்டன் மாநகர்க்கு இம்மூன்றெழுத்து, பேருந்தையும் சுரங்க இரயிலையும் மேற்பார்த்த வட்டாரப் போக்குவரத்து நிறுவனத்தின் பெயர். மருத்துவர்க்கு மூச்சுப்பாதையின் கீழ்ப்பகுதி. புள்ளியியலார்க்கு, இரு கருதுகோள்களுள் எது தரவுக்கு மிகப் பொருந்தும் என ஒப்பிடும் சோதனை.

இந்நிலையை விளக்கும் சொல் நன்னூலிலேயே உள்ளது. தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்று குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் கூறுவதை உரையாசிரியர் சான்று காட்டுவர். பொறியாளரின் எல்.ஆர்.டி.யும் மருத்துவரின் எல்.ஆர்.டி.யும் அவ்வக் குழுவினுள் குழூஉக்குறிகளே. அங்கே அவை குற்றமுடையன அல்ல, விரைவுக்கு உதவுவன. குழுவைக் கடந்து, விளக்கமின்றிப் பொதுமக்கள் படிக்கும் ஏட்டில் புகும்போதுதான் இடர் தோன்றுகிறது.

இதற்குத் தீர்வாகச் சிலர் எல்லாச் சுருக்கத்தையும் தமிழெழுத்தாக்குக என்பர். ம.இ.கா. என்பது அவ்வழியில் நிலைபெற்றதே. 1946இல் மலாயா என நின்ற முதற்சொல் பின்னர் மலேசியா ஆனபோதும் மகரம் மாறவில்லை. ஆனால் அது நாள்தோறும் மக்கள் நாவில் வழங்கிய அமைப்பின் பெயர். இலகு இரயிலை 'இ.இ.' என்று எழுதினால் நிலையத்துப் பலகையில் அதனைத் தேடும் பயணி காணமாட்டார். மலாய்மொழியும் பலகையில் எல்.ஆர்.டி. என்பதையே வைத்துக்கொண்டது. 'டி.ஏ.ஆர்.' எனத் தன் விரிவைச் சுருக்கியிருந்தால், அது துவாங்கு அப்துல் ரகுமான் சாலையின் சுருக்கத்தோடு மோதியிருக்கும்.

மற்றொரு சாரார், எழுத்தொலிபெயர்ப்பே போதும் என்பர். அதுவும் பொருந்தாது. மலேசியப் பள்ளிகளின் மலாய்ச் சுருக்கம் நான்கெழுத்தாயினும், தமிழுரையில் 'தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி' என்று விரித்தே எழுதுகின்றனர். எவர்க்கும் அதனால் இடரில்லை. சென்னையில் 1995இல் தொடங்கிய உயர்மட்ட இரயிலுக்கு அரசு நான்கெழுத்துச் சுருக்கம் தந்தது; மக்களோ 'பறக்கும் இரயில்' என்றனர். எழுத்தை நோக்காது பொருளை நோக்கிய பெயர் அது.

ஆகவே நெறி ஒன்றே: பலகைக்குரிய எழுத்து பலகையில் நிற்கட்டும், உரைநடையில் முதன்முறை வரும்போது பொருளை விரித்துக் கூறுதல் வேண்டும். பங்சார் வண்டியை 'ஓட்டுநரின்றி இயங்கும் நகர இரயிலான எல்.ஆர்.டி.' என ஒருமுறை எழுதிவிட்டால், பின்னர் மூன்றெழுத்தே போதும். கூடும் சொல் நான்கைந்துதான். பெறும் தெளிவு பெரிது.

வகுப்பறைக்கும் இதில் பங்குண்டு. குழூஉக்குறிக்குப் பொற்கொல்லரின் பறியை மட்டும் காட்டினால், அது என்றோ மறைந்த வழக்கென மாணவர் எண்ணுவர். பள்ளிக்கு வரும் வழியில் அவர் காணும் நிலையப் பலகையையும் உடன் காட்டினால், நன்னூல் இன்றைய மொழியையும் அளக்கும் கோல் என்பதை உணர்வர்.