பொற்குறுவாளும் அடிக்குறிப்பும்

துப்பறியும் நாவல் என்றதும் முகம் சுளிப்போர் நமது இலக்கிய வட்டத்தில் இன்னமும் உள்ளனர். பஸ் பயணத்துக்கு ஏற்றது, பரிசுக்கு உரியதன்று என்பது அவர்களது கணிப்பு. சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' (1885) ஒரு குழந்தைக் கடத்தலின் மீது எழுப்பப்பட்ட கதைதான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டிவிட்டு நகர்கிறேன். எனது அக்கறை வேறு. குற்றப் புனைகதைக்கென்றே ஆண்டுதோறும் வழங்கப்படும் ஒரு புகழ்பெற்ற விருது, மொழிபெயர்ப்பு விடயத்தில் நடந்துகொண்ட விதம் பற்றியே பேச விரும்புகிறேன்.

பிரித்தானியக் குற்றப்புனைகதை எழுத்தாளர் சங்கத்தை 1953இல் ஜோன் கிறீசி நிறுவினார். 1955 முதல் ஆண்டின் சிறந்த நாவலுக்கு அது விருது வழங்குகின்றது. 1960இல் அவ்விருது 'கோல்ட் டகர்', அதாவது பொற்குறுவாள் எனப் பெயர் பெற்றது. இந்த நூற்றாண்டின் முதல் ஐந்தாண்டுகளில் மூன்று தடவைகள் அதனை மொழிபெயர்ப்பு நூல்கள் வென்றன. 2001இல் சுவீடனின் ஹென்னிங் மன்கெல். 2002இல் ஸ்பானிய மொழியில் எழுதும் ஹொசே கார்லோஸ் சொமோசா. 2005இல் ஐஸ்லாந்தின் ஆர்னல்டூர் இந்திரிதாசன். உடனே விதி மாறியது. 2006 முதல், ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட நாவலுக்கு மாத்திரமே முதன்மை விருது. அவ்வாண்டு ஒரு தனியார் வங்கியின் அனுசரணையில் பரிசுத் தொகை 20,000 பவுணாக உயர்ந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. மொழிபெயர்ப்புகளுக்கெனச் சர்வதேசக் குறுவாள் என்றொரு தனிப்பரிசு, அதைவிடக் குறைந்த தொகையுடன் ஏற்படுத்தப்பட்டது. பெரிய பந்தியில் இடம் போதாமற் போக, விருந்தாளிக்குத் திண்ணையில் தனியாகப் பாய் விரித்த கதைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2002இல் வென்ற சொமோசாவின் 'தி அதீனியன் மேர்டர்ஸ்' நாவலின் நாயகனே ஒரு மொழிபெயர்ப்பாளன். பண்டைய ஏதென்ஸில் ஓர் இளைஞனின் மரணம். பிளேட்டோவின் கல்விக்கூடத்து ஆசிரியர் டயகொரஸ், புதிர்களை அவிழ்க்கும் ஹெராக்ளிஸ் பொந்தோர் என்பவரின் உதவியை நாடுகிறார். மேற்பகுதியில் இக்கதை நடக்கின்றது. பக்கத்தின் அடியிலோ, பழைய கிரேக்கப் பிரதியை மொழிபெயர்ப்பவன் அடிக்குறிப்புகள் எழுதிக்கொண்டே போகிறான். முதலில் சொல் விளக்கங்கள்தான். பின்னர் பிரதிக்குள் மறைபொருள் ஒன்று இருப்பதாகச் சந்தேகிக்கிறான். அப்புறம் அந்தப் பிரதி தன்னையே பேசுவதாக அஞ்சத் தொடங்குகிறான். அடிக்குறிப்பு வீங்கிப் பக்கத்தை விழுங்குகின்றது. நான் இதனை சோனியா சொட்டோவின் ஆங்கிலத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாசித்தேன். கற்பனை மொழிபெயர்ப்பாளனின் குறிப்புகளை ஒரு நிஜ மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்திருக்கிறார்! இவ்விரண்டு குரல்களையும் மூலத்தில் இல்லாத ஒரு மொழியில் பிரித்துக் காட்டுவது இலேசான காரியமன்று. அந்த நூலுக்குப் பரிசளித்த சங்கமே நான்காண்டுகளுள் அந்த வகை நூல்களுக்குக் கதவை அடைத்தது.

ஆர்னல்டூரின் 'சைலன்ஸ் ஒஃப் த கிறேவ்' இதற்கு நேர்மாறான நாவல், உத்திகள் எதுவுமில்லை. பிறந்தநாள் வீடொன்றில் குழந்தை சப்பிக்கொண்டிருக்கும் பொருள் மனித எலும்பு என்பது தெரியவருகின்றது. புதைக்கப்பட்டவர் யார் என்பதே கேள்வி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கணவனிடம் அடியுண்டு வாழ்ந்த ஒரு பெண்ணின் கதை இடையிடையே வருகின்றது. அந்த எலும்புக்கூடு அந்தக் கணவனுடையதாக இருக்கட்டும் என்று வாசகன் விரும்பத் தொடங்குகிறான். ஒரு மரணத்தை நாம் ஆசையோடு எதிர்பார்க்கிறோம். எந்த மொழியில் எழுதப்பட்டால்தான் என்ன, இது முதற்பரிசுக்குரிய எழுத்து.

விதியின் விசித்திரத்தை இன்னொரு நூல் காட்டுகின்றது. 1964இல் பொற்குறுவாளை வென்றது எச்.ஆர்.எப். கீற்றிங்கின் 'த பேர்பெக்ட் மேர்டர்'. கதைக்களம் பம்பாய், நாயகன் இன்ஸ்பெக்டர் கோட்டே. கீற்றிங் அப்போது இந்தியாவைக் கண்ணாலும் கண்டதில்லை. சுமார் பத்தாண்டுகளின் பின்னரே அங்கு போனார். அதற்காக அந்த நாவலை நான் குறைகூற மாட்டேன். கற்பனைக்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை. ஆனால், பம்பாயில் பிறந்து மராத்தியில் எழுதுபவனின் பம்பாய் இன்றைய விதிப்படி அப்பரிசுக்கு நிற்க முடியாது, காணாமலே எழுதியவரின் பம்பாய் நிற்கலாம் என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தனிப்பரிசு மொழிபெயர்ப்பாளருக்கும் பணமும் பெயரும் கொடுத்தது. பிரான்சின் பிரெட் வர்காஸ் 2006, 2007, 2009 ஆகிய ஆண்டுகளில் வென்றபோது சியான் ரெனோல்ட்ஸின் பெயரும் கூடவே அறிவிக்கப்பட்டது. 2025இல் அக்கிரா ஓத்தானி இப்பரிசைப் பெற்ற முதல் ஜப்பானியராகவும், சாம் பெட் அவரது மொழிபெயர்ப்பாளராகவும் மேடைக்கு வந்தனர். சங்கமும் மாறியிருக்கின்றது. சுதந்திரத்துக்குப் பிந்திய பம்பாயின் பார்சிப் பெண் இன்ஸ்பெக்டரைப் படைத்து 2021இல் வரலாற்றுப் பிரிவில் வென்ற வாசீம் கான், 2023இல் அதன் தலைவரானார். ஆயினும் அவர் எழுதுவது ஆங்கிலத்தில்.

உருதுவில் இப்னே சபி நூற்றுக்கணக்கான துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்து 1980இல் காலமானார். அவற்றுள் நான்கை ஷம்சுர் ரஹ்மான் பாரூக்கி ஆங்கிலப்படுத்த, 2011இல் சென்னையின் பிளாப்ட் பதிப்பகம் வெளியிட்டது. உருதுக் கவிதையின் மாபெரும் விமர்சகர் ஒருவர் 'மலிவு' நாவல்களுக்காகத் தன் பேனாவைக் கொடுத்தார். நம்மில் முகம் சுளிப்போர் அந்த நான்கில் ஒன்றையாவது தேடி வாசிக்கட்டும்.