மருட்கையின் நிலைக்களன்கள்: ‘2.0’ திரைப்படத்தின் பேருருப் பறவை

அரியூர் நாடு அமைந்த கொல்லிமலையின் பாவையைச் சங்கப் புலவர் தலைவியின் அழகுக்கு உவமையாக்கினர். காண்பாரை நகைத்து மயக்கிக் கொல்வது என்னும் மரபும் அப்பாவைக்கு உண்டு. அஞ்சத்தக்கதைக் கண்டு மகிழ்தல் தமிழ்ச் சுவைஞருக்குப் புதிதன்று. ஷங்கரின் ‘2.0’ (2018) படத்தில் கைப்பேசிகள் திரண்டு பேருருப் பறவையாவதைச் சிறுபிள்ளைத்தனம் என ஒதுக்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

தொல்காப்பியர் மருட்கைக்குரியனவாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கினைக் கூறுவார். கைப்பேசி பறவையாவது ஆக்கம். அதன் உடல் பெருமை. நம்பத்தகாதது என அறிந்தே அரங்கம் ஆரவாரிக்கிறது.

படம் சறுக்குவது முன்கதையில்தான். பறவைகளுக்காக வாழ்ந்த பட்சிராஜன் கைப்பேசிக் கோபுரத்தில் தூக்கிட்டுக்கொள்ளும்போது மருட்கை அழுகையாகிறது. அழுகைக்குரியவரை வீழ்த்துவதற்குக் கைதட்டுமாறு பின்னர் நம்மைக் கேட்பது முறையன்று; அவ்விடத்தில் யானும் தயங்கினேன். ஆனால், குட்டி எந்திரன்கள் புறாவேறி வந்ததும் சிரித்துவிட்டேன். பேருருவை எதிர்க்கச் சிற்றுருவைக் கொணர்ந்தது இயக்குநரின் நுட்பம். சிறுமையும் மருட்கை தருமன்றோ! அவை புறாக்களைப் பிணையாக்கியே பட்சிராஜனைப் பணியவைக்கின்றன என்பது சிரித்து முடித்த பின்னரே உறைத்தது.