வத்தத்தில் நிமிர்ந்து நிற்கும் சென்டார்

வெஸ்டர்லி சென்டார் என்ற இரட்டை ஏராப் பாய்மரப் படகு பாய் விரித்து ஓடும் அழகைச் சொல்லச் சொன்னால் நான்கு வரியில் முடித்துவிடுவேன். அது தரைதட்டும் அழகு என்றால் விடிய விடியப் பேசுவேன்.

இங்கிலாந்தின் எஸெக்ஸ் கரையில், வால்டன் பேக்வாட்டர்ஸ் ஓடையொன்றில் ஒரு ஆகஸ்ட் மாலை. நண்பரின் சென்டார். வத்தம், அதாவது கடல்நீர் வடிதல், பாதிக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கு வேண்டியது மூன்றடித் தண்ணீர்தான்; அதுவும் வடிந்துகொண்டிருந்தது. முதலில் இடது ஏரா, படகின் அடியில் நீண்டிருக்கும் தகடு, சேற்றைத் தொட்டது. படகு ஒரு கணம் தயங்கியது. வலது ஏராவும் இறங்கியபோது மேஜைமேல் இருந்த தேநீரில் ஒரு வளையம் எழுந்து அடங்கியது, அவ்வளவுதான். எதிரே ஒற்றை ஏராப் படகொன்று சாய்ந்து சாய்ந்து, ஜன்னல் சேற்றைப் பார்க்கப் படுத்துவிட்டது. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோல, இரும்பு ஏறிய அந்தச் சேற்றில் புரண்டு செங்காவி நிறமாகிப்போன கடல்நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஏராக்களைக் கரையில் நிற்கும்போது குனிந்து பாருங்கள். குதிரைமேல் இருப்பவன் கால்போல வெளிப்பக்கம் அகன்றிருக்கும்; முன்விளிம்பு இம்மியளவு உள்நோக்கித் திரும்பியிருக்கும். படகு சாய்ந்ததும் தாழும் பக்கத்து ஏரா செங்குத்தாகி, ஆழமும் கூடி, தண்ணீரைக் கவ்வுகிறது. 1969-இல் லாரன்ட் ஜைல்ஸ் படகு வடிவமைப்பு அலுவலகம் இந்த 26 அடிப் படகுக்குள் வைத்த கணக்கு இது. 1980 வரை 2,400-க்கும் மேல் கட்டினார்கள். ஏரா உடம்போடு சேரும் இடத்தை உள்ளிருந்து பலப்படுத்தாத பழைய சென்டாரை மட்டும் வாங்காதீர்கள்.

எதிர்காற்றில் சரியாக ஏறாது என்பார்கள் ஒற்றை ஏராக்காரர்கள். பொய்யில்லை. ஆனால் தேம்ஸ் முகத்துவாரத்து மணல்திட்டுகளைத் தாண்டி எங்களைவிட அரைமணி முன்னால் அவர்கள் வந்து, ஓடை வாயில் தண்ணீருக்காக மூன்று மணி நேரம் காத்துக் கிடப்பதில் என்ன லாபம்? சிற்றலை இரவுகளில் ஏராக்களுக்கு நடுவே தண்ணீர் அறைந்து தூக்கத்தைக் கெடுக்கும் என்கிறார்களே, அதை ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது கண்ணில் படுகிற புதுப் படகுகளில் பாதி இரண்டு மீட்டர் ஆழம் கேட்கின்றன. ஒரு மரினாவிலிருந்து இன்னொரு மரினாவுக்கு ஓடுகின்றன. மின்சாரமும் குளியலறையும் அங்கே இருக்கின்றன. வத்தம் பார்த்து ஓடைக்குள் நுழைகிற பழக்கமே கைவிட்டுப் போகிறது. எனக்கு இது வயிற்றெரிச்சல்தான்.

அன்று நள்ளிரவு நெருங்கும்போது வெள்ளம் ஏறியது. சேறு விட மனமில்லாமல் பிடித்திருந்தது. பிறகு அடியிலிருந்து நீண்ட உறிஞ்சல் ஒன்று, இடப்பக்கம்; சற்றுப் பொறுத்து வலப்பக்கம். நங்கூரச் சங்கிலி மெதுவாக இறுகியது.